அஞ்சலை ஒட்டச் சொன்ன பிளாஸ்டர்

குழந்தைங்க வார்டுக்குப் புதுசா வந்திருக்கிற நர்ஸ் பிள்ளைங்களுக்கு பிளாஸ்டர் ஒட்டறதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கன்னு உங்க சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டாங்க. அவங்க இந்த ஊருக்கு வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது. என்னோட வேலை பார்த்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா, "பிளாஸ்டரைப் பத்தியா? அவளையா?"ன்னு சிரிச்சிருப்பாங்க. கேட்கலை. மாலை வேற போட்டுட்டீங்க. இனிமே தப்பிக்க முடியாது, உட்காருங்க.

எழுபதுகளோட கடைசியில நடந்தது. உங்களுக்கு இப்ப தோலோட தோலா ஒட்டிக்கிற ஒட்டு இருக்கு, காகித ஒட்டு இருக்கு, குழந்தைக்குன்னே தனியா இருக்கு. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். தகர டப்பாவுக்குள்ள சுருட்டி வெச்ச துணி பிளாஸ்டர், பின்னாடி பசை. நிலக்கரி மைன்ஸ்ல அடிபட்டு வர்றவர் முதுகுக்கும் அதுதான், கைக்குழந்தை மண்டையில டிரிப் ஊசி நிக்கறதுக்கும் அதுதான். ஒருதடவை என் செருப்பு வார் அறுந்தப்ப அதுக்கும் அதுதான்.

இதுல எனக்கு ஒரு பேரு உண்டு. நான் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வேலைக்கு வந்தவ. வாயும் அந்த ஊர் வாய், கையும் துறுதுறு கை. நான் ஒட்டின டிரிப் கழண்டதா சரித்திரமே கிடையாதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவேன். மத்த சிஸ்டர்ங்க எனக்கு 'பிளாஸ்டர் மகாராணி'ன்னு பேர் வெச்சிருந்தாங்க. கிண்டலுக்கு வெச்ச பேருன்னு புரிஞ்சுக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

மகாராணியோட ரகசியம் ஒரு பழுப்பு பாட்டில். டிங்சர் பென்சாயின். நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை போடற சாம்பிராணி இருக்கே, அதைச் சாராயத்துல கரைச்ச மாதிரின்னு வெச்சுக்குங்க. பிசுபிசுன்னு இருக்கும். கத்திரி வெயில்ல இந்த நெய்வேலி எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரு, ஃபேன் நிக்காது, ஆனா அந்த ஃபேன் வீசறது அனல். குழந்தைங்க வேர்த்துக் கொட்டுவாங்க, பிளாஸ்டர் வழுக்கிட்டு வந்துடும். அதனால முதல்ல தோல்ல அந்த டிங்சரைப் பூசி, அது காயறதுக்குள்ள பிளாஸ்டரை அழுத்தினா, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. காய விடணும்னு பாட்டில்லயே போட்டிருந்துச்சோ என்னவோ, மகாராணிக்கு அதெல்லாம் படிக்க நேரம் ஏது.

எங்க குழந்தை டாக்டர் ரொம்ப நிதானமானவர், குரல் உயராது. ஒருநாள் வார்டுக்குள்ள வந்து மூக்கை உறிஞ்சிட்டு, "செருப்பை வெளியில விட்டுட்டு வரணுமா சிஸ்டர்?"ன்னார். அவ்வளவு சாம்பிராணி வாசம். அதையும் நான் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

அந்த மே மாசம்தான் அஞ்சலை வந்தா. கம்மாபுரம் பக்கத்து கிராமம். பள்ளிக்கூடத்துல அப்பத்தான் சேர்க்கப் போற வயசு. அவ அப்பா கலியபெருமாள் மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்டுல வேலை பார்க்கிறவர், பெர்மனென்ட். காய்ச்சல் நெருப்பா கொதிக்க, வலது முழங்காலுக்குக் கீழ கால் வீங்கிச் சிவந்து பளபளன்னு இருக்க, பிள்ளையைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தார். எலும்புக்குள்ள சீழ் பிடிச்சிருக்குன்னார் டாக்டர்.

"பெனிசிலின் டிரிப்புல போட்டுக்கிட்டே இருக்கணும். ராத்திரி பகல் நிக்கக் கூடாது. நின்னா எலும்பு அரிச்சுடும். அப்புறம் இந்தக் காலைப் பத்தி நான் எந்த உத்தரவாதமும் கொடுக்க முடியாது"ன்னு அப்பா அம்மா ரெண்டு பேரையும் நிக்க வெச்சு சொன்னார்.

அம்மா பேரு தனம். "ஓடிகினே இருந்த புள்ளைங்க. நடப்பாளாங்க நர்சம்மா?"ன்னு என் புடவை முந்தானையைப் பிடிச்சா.

கலியபெருமாள் டிரிப் பாட்டிலையே பார்த்துட்டு இருந்தார். "எங்க பெல்ட்டு மாதிரிதாங்க. ஒரு நிமிசம் நின்னாலும் ஆபீசரு குதிப்பாரு. இதுவும் நிக்கக் கூடாதுன்றாரு"ன்னார்.

"நிக்காது. அதுக்கு நானாச்சு"ன்னேன். எவ்வளவு பெரிய வாக்கு பாருங்க. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு.

அஞ்சலை லேசுப்பட்டவ இல்லை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கினதுமே கையை உதறுவா, கடிப்பா, ஊசியைப் பிடுங்கப் பார்ப்பா. நான் விடுவேனா? வழக்கமா ஒரு பூச்சு பூசற இடத்துல ரெண்டு பூச்சு. குறுக்கால ஒண்ணு, நெடுக்கால ஒண்ணு, சுத்தி ஒண்ணு. கை இருக்கிற இடமே தெரியாது, வெள்ளையா ஒரு கட்டைதான் தெரியும். அடியில தோல் என்ன கதியில இருக்குன்னு எட்டிப் பார்க்கக்கூட இடம் வைக்கலை. டிரிப்போ நிக்காம ஓடுது, நான் அப்படியே காத்துல மிதக்கறேன்.

குழந்தை நரம்பு எத்தனை நாள் தாங்கும்? வீங்கிடும். அப்ப இந்தக் கையில எடுத்து அந்தக் கைக்கு மாத்துவோம். எடுக்கறதுக்கும் எனக்கு ஒரு பாணி உண்டு. மெல்ல மெல்ல உரிச்சா பிள்ளை ரொம்ப நேரம் அழும், ஒரே இழுவுல இழுத்துட்டா சட்டுன்னு முடிஞ்சுதுன்னு நினைப்பு. "கண்ணை மூடிக்கோ. ஒரே இழு. வலிக்கவே வலிக்காது"ம்பேன், சரக்குன்னு இழுப்பேன். அஞ்சலை போடற சத்தம் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கே கேட்கும். எனக்கு வலிச்சதே இல்லை, அதனால வலிக்காதுன்னு நான் சொன்னது பொய்யும் இல்லை.

ரெண்டு கையும் போயி கால் முறை வந்தப்ப அவ காலை மடக்கி வெச்சுக்கிட்டா. நல்லா இருக்கிற இடது கால். "தரமாட்டேன் போ"ன்னா. கெஞ்சினோம், மிட்டாய் கொடுத்தோம், கலியபெருமாள் அதட்டினார். ஒண்ணும் நடக்கலை. டிரிப் நின்னுட்டு இருக்கு.

"உனக்கும் ஒட்டிக்கோ. அப்பத்தான் தருவேன்"ன்னா.

"அவ்வளவுதானே?"ன்னு ஒரு துண்டு கிழிச்சு என் முன்னங்கையில ஒட்டிக்கிட்டேன்.

அவ உத்துப் பார்த்தா. "அந்த மஞ்சத் தண்ணி தடவலியே. எனக்கு மட்டும் தடவுற?"

சரின்னு அதையும் ரெண்டு பூச்சு பூசி, மேல ஒட்டி, அவளுக்குச் செய்யற மாதிரியே அழுத்தியும் காட்டினேன். அப்புறம்தான் காலை நீட்டினா. "எனக்கு எடுக்கிறப்பதான் உனக்கும் எடுக்கணும்"னு ஒப்பந்தம் வேற. நான் டிங்சர் பாட்டிலோட அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். மிச்சம் கிடந்த துண்டுகளை எடுத்து அம்மா கையில ஒண்ணு, அப்பா கையில ஒண்ணு அவளே ஒட்டிட்டா. கலியபெருமாள் அதோடவே ஷிப்டுக்குப் போனார். பஸ்ஸுல எல்லாரும், "இன்னாயா, பொண்ணுக்குச் சீக்குன்னா உனக்கு கட்டா?"ன்னு கேட்டாங்களாம். ஆனாலும் மனுஷன் எடுக்கலை.

ரெண்டு நாள்ல வந்துது வினை. முதல்ல எடுத்த கையைப் பார்த்தா செக்கச் செவேல்னு சிவந்து, நீர் கோத்துக் கொப்புளம். அடுத்த கையிலயும் அப்படியே. அவ கால் கட்டுக்குள்ள விரலை விட்டு விட்டுச் சொறிஞ்சு, "அரிக்குது, அரிக்குது"ன்னு ஒரே அழுகை.

இங்கதான் என் புத்திசாலித்தனத்தைக் கவனிக்கணும். எனக்கு உடனே காரணம் தெரிஞ்சுபோச்சு. தனத்தோட கை! முந்திரிக்கொட்டை உடைக்கிற சீசன். வீட்டுல மத்த பொம்பளைங்களோட சேர்ந்து அவளும் உடைப்பா, மத்தியானம் வார்டுக்கு வருவா. தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கருகருன்னு இருக்கும். அந்த எண்ணெய் தோல்ல பட்டா வெந்து கொப்புளம் வரும்னு இந்தப் பக்கத்துல சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும். திருநெல்வேலிக்காரி எனக்கே தெரிஞ்சிருந்தா பார்த்துக்குங்களேன்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அந்தக் கையோட பிள்ளையைத் தடவித் தடவி இப்படி ஆக்கி வெச்சிருக்கியே!"

"சாம்பல் போட்டுத் தேச்சு, புளியால கழுவிகினுதாங்க வர்றேன். கறை போவலைங்க, எண்ணெய் இல்லீங்க..."

"பேசாதே. வராண்டாவுல போய் உட்காரு. உள்ள கால் வைக்கக் கூடாது."

அவ எழுந்துட்டா. போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டா. அஞ்சலை ஜன்னலைப் பார்த்துப் பார்த்து அழுதா, சோறு வேண்டாம்னுட்டா. நான் வாங்கிட்டுப் போன இட்லியையும் துப்பிட்டா. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வார்டு சட்டம்னு ஒண்ணு இருக்கே, அதைக் காப்பாத்தற பெரிய மனுஷி நான்தானே.

இதுக்கு நடுவுல என் கை வேற அரிக்க ஆரம்பிச்சுது. வேர்க்குருன்னு சொல்வேன், கொசுன்னு சொல்வேன், சலவைக்காரர் யூனிஃபார்முக்குக் கஞ்சியை அதிகமாப் போட்டுட்டார்னு அவரைத் திட்டுவேன். எழுதிக்கிட்டே சொறிவேன், மாத்திரை கொடுத்துக்கிட்டே சொறிவேன். பிளாஸ்டரை எடுத்துப் பார்க்கணும்னு தோணலை. ஒப்பந்தம் இருக்கே! இந்த விஷயத்துல மட்டும் நான் வாக்கு தவறாதவ.

தனத்தை வெளியில உட்கார வெச்ச மறுநாள் கால்ல கட்டு ஓரத்துலயும் கொப்புளம் எட்டிப் பார்த்துச்சு. அம்மா கை அந்தக் காலைத் தொடவே இல்லை. அப்ப முந்திரி இல்லை. அதாவது நின்னு யோசிச்சிருக்க வேண்டிய இடம் இது. நான் எங்க நின்னேன்? நேரா ஓ.பி.க்கு ஓடினேன். அங்க எக்கச்சக்கக் கூட்டம்.

"டாக்டர், அஞ்சலைக்கு உடம்பெல்லாம் வந்துடுச்சு. பெனிசிலின் ஒத்துக்கலை போல இருக்கு."

உடம்பெல்லாம்! அந்த ஒரு வார்த்தையை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. நான் என் வாயால கெட்டா பரவாயில்லை, அன்னிக்கு ஒரு பிள்ளையோட காலையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன்.

டாக்டர் முகம் மாறிடுச்சு. எந்த ஊர்லயோ பெனிசிலின் ஊசி போட்ட கையோட ஒருத்தர் மூச்சு முட்டி அவர் கண் முன்னாடியே போயிட்டாராம். அதுல இருந்து அவருக்கு அந்த மருந்துன்னா பயமும் மரியாதையும் உண்டு. வேகமா வந்தார். ரெண்டு கையையும் பார்த்தார், கால் கட்டு ஓரத்தைப் பார்த்தார்.

"நிறுத்திடுங்க சிஸ்டர். ஒரு சொட்டும் வேண்டாம். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம், வண்டிக்குச் சொல்றேன்."

அப்பத்தான் முதல் ஷிப்ட் முடிஞ்சு, தலையெல்லாம் நிலக்கரித் தூசியோட கலியபெருமாள் உள்ள வந்தார். "இன்னாங்க ஆச்சு?"

டாக்டர் பொறுமையா சொன்னார். மருந்து ஒத்துக்கலை, வேற மருந்து இருக்கு, ஆனா இந்த அளவுக்கு எலும்புக்குள்ள போய் வேலை செய்யுமான்னு தெரியலை, காலைத் திறந்து சுரண்ட வேண்டி வரலாம்னார்.

"வீக்கம் வத்திகினு வந்துச்சேங்க" அப்படின்னார். அப்புறம் மெதுவா, "காலு இருக்குமாங்க?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தனம் வாயை முந்தானையால பொத்திக்கிட்டு நின்னா. நான் டிரிப்பை மூடற கிளிப்புல கை வெச்சேன். வெச்ச கை அரிச்சுது, இந்தக் கையால சொறிஞ்சேன். எனக்கு அழுகையா வந்துது.

"எனக்கு எடுக்கப் போறியா?"ன்னா அஞ்சலை.

"ஆமா கண்ணு."

"அப்ப உனக்கும் எடுக்கணும். நான்தான் எடுப்பேன்."

"இரும்மா, அப்புறம்..."

அவ எங்க கேட்டா? என் கையைப் பிடிச்சா, பிளாஸ்டர் ஓரத்தை நகத்தால நெம்பினா. "கண்ண மூடிக்கோ. ஒரே இழு. வலிக்கவே வலிக்காது." சரக்.

பிள்ளைங்களா, நான் ரெண்டு பிரசவம் பார்த்தவ. என் சொந்தப் பிரசவத்தைச் சொல்றேன். அதுலகூட அப்படிக் கத்தினதில்லை. "ஐயோ எம்மா!"ன்னு நான் போட்ட கூப்பாட்டுல வார்டுல இருந்த அத்தனை பிள்ளைங்களும் அழுகையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. முடி, தோலு எல்லாம் அதோட போச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு எங்கம்மா அடிக்கடி சொல்லுவா. தெரிஞ்சுது, ரொம்ப நல்லாவே தெரிஞ்சுது.

கண்ணைத் தொடைச்சிட்டுப் பார்க்கறேன், என் முன்னங்கையில பிளாஸ்டர் இருந்த இடம் செக்கச் செவேல்னு, நீர்க் கொப்புளத்தோட. ஓரம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா. நாலு மூலையும் நாலு மூலையாவே இருக்கு. பக்கத்துல கட்டில் மேல அஞ்சலை கை. அதே சிவப்பு, அதே கொப்புளம், அதே நேர்க்கோடு.

கிளிப்புல இருந்து கையை எடுத்துட்டேன். "டாக்டர், ஒரு நிமிஷம்"னேன்.

"சிஸ்டர், மூடுங்கன்னு சொன்னேன்."

"டாக்டர், எனக்கு யாரும் பெனிசிலின் போடலை."

அவர் என் கையைப் பார்த்தார். பிள்ளை கையைப் பார்த்தார். திரும்ப என் கையை. "முந்திரிக்கொட்டை எதாவது உடைச்சீங்களா?"

"எனக்கு வறுத்த முந்திரியைத் திங்கத்தான் டாக்டர் தெரியும்."

வராண்டாவுக்கு ஓடி தனத்தைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவ கையிலயும் பிள்ளை ஒட்டின துண்டு அப்படியே இருந்துச்சு. இந்தத் தடவை இழுக்கலை, தண்ணி தொட்டு மெதுவா உரிச்சேன். அடியில தோல் வெளுத்து, கொஞ்சம் சுருங்கி இருந்துச்சு, அவ்வளவுதான். சுத்தம். கலியபெருமாளுக்கு வேர்வையில தானாவே விழுந்துடுச்சாம். "பெல்ட்டோட போயிடுச்சுங்க"ன்னு கையைக் காட்டினார். அதுவும் சுத்தம். நாலு பேருக்கும் ஒரே பிளாஸ்டர்தான். டிங்சர் பூசிக்கிட்டது நானும் அஞ்சலையும் மட்டும்தான்.

டாக்டர் அஞ்சலையோட கவுனைத் தூக்கி நெஞ்சு, வயிறு, முதுகு, தொடை எல்லாம் வெளிச்சத்துல பார்த்தார். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மருந்து ஒத்துக்கலைன்னா முதல்ல நெஞ்சுலயும் முதுகுலயும்தான் தெரியும், மருந்துக்கு மூலை கட்டி நிக்கத் தெரியாது. பிளாஸ்டர் போன இடமெல்லாம் சிவப்பு, போகாத இடமெல்லாம் சுத்தம்.

"உடம்பெல்லாம்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

"நான் ஒட்டின இடமெல்லாம்னு சொல்லியிருக்கணும் டாக்டர்."

அவர் சிரிக்கலை. டிரிப் ஓடலாம்னு சொல்லிட்டு நாம தப்பா இருந்துட்டா பிள்ளை உயிர். நிறுத்திட்டு நாம தப்பா இருந்தா பிள்ளை கால். அவர் ஒரு ஸ்டூலை இழுத்து கட்டில் பக்கத்துல போட்டார். மூச்சு முட்டினா போடற ஊசியை ஏத்தி தட்டுல வைக்கச் சொன்னார். "ஓடட்டும். நான் இங்கயே இருக்கேன்"னார். ஓ.பி.யில இருந்த கூட்டத்தை இன்னொரு டாக்டர்கிட்ட அனுப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு அசையலை. கொஞ்சத்துக்கொருதரம் கவுனைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார். அஞ்சலை அவர் பாக்கெட்டுல இருந்த பேனாவை எடுத்து அவர் கையில பூப்போட்டுக்கிட்டு இருந்தா. ஒண்ணும் ஆகலை. சொட்டுச் சொட்டா மருந்து இறங்கிக்கிட்டே இருந்துச்சு.

எழுந்து போறப்ப என்கிட்ட, "அந்தப் பழுப்பு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி மாடத்துல வெச்சுடுங்க"ன்னார். அவ்வளவுதான் திட்டு.

அப்புறம் ஒட்டாம ஒட்டறது எப்படின்னு நான் அரிச்சுவடியில இருந்து கத்துக்க வேண்டியதாப் போச்சு. பழைய வேட்டியைத் துவைச்சுக் கொதிக்க வெச்சுக் கிழிச்சு கையில சுத்தி, பலகையோட கட்டி, பிளாஸ்டரைத் துணி மேலயும் பலகை மேலயும் ஒட்டினேன். தோல்ல படறது ஊசிக்குப் பக்கத்துல ஒரு நூல் அளவு. கொப்புளத்துல ஒண்ணும் ஒட்டாம காத்துப்பட விட்டோம். ஆனா இது என் பழைய ஒட்டு மாதிரி கெட்டி இல்லை. பிள்ளை அசைஞ்சா போச்சு. யாராவது கூடவே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கணும். யார் பிடிச்சா அஞ்சலை அசைய மாட்டாளோ அவளை நான் வராண்டாவுக்குத் துரத்தியிருந்தேன்.

போய்க் கூப்பிட்டேன். "உள்ள வாம்மா. கட்டில்லயே உட்கார்ந்துக்கோ."

தனம் கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. "கறுப்பாகீதேங்க."

"இருந்துட்டுப் போகட்டும். என் கைதான் மோசமான கை. உன் கை நல்ல கை."

சொல்லிட்டு முடிக்கறதுக்குள்ள நானே அழுதுட்டேன். அவதான் என்னைச் சமாதானம் பண்ணினா. "போவுது நர்சம்மா, புள்ளைக்கு நல்லதுக்குத்தான கத்துனீங்க." அதைக் கேட்டு இன்னும் அழுகை. நல்லதுக்குத்தான், ஆனா யார் மேல கத்தணும்னு பார்க்காம கத்தினேனே.

என் சரித்திரமும் அந்த வாரத்தோட முடிஞ்சுது. டிரிப் கழண்டுச்சு, ஒருதரம் இல்லை, பலதரம். ஒவ்வொருதரமும் அடுத்த வார்டு சிஸ்டர்ங்க வேலை மெனக்கெட்டு வந்து, "மகாராணி, கழண்டுடுச்சாமே?"ன்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போவாங்க. திரும்பப் போடுவேன். போடறதுக்கு முன்னாடியும் எடுத்ததுக்கு அப்புறமும் தோலைப் பார்ப்பேன். எடுக்கறதுன்னா தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவெச்சு, தோலை ஒரு விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஓரம் ஓரமா உரிப்பேன். அஞ்சலை தலையைச் சாய்ச்சு மேற்பார்வை பண்ணுவா. "ஊது"ம்பா, ஊதுவேன். கொப்புளம் வாடி, தோல் உரிஞ்சு, புதுத்தோல் வந்துது. கால் வீக்கமும் வத்திடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு கட்டிலைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சா. அதுக்கு மேல எங்க போறதுன்னாலும் அப்பா தோள்தான்.

கடைசி பாட்டில் முடிஞ்ச அன்னிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னுட்டார். கம்மாபுரம் பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கற நேரம். தனம் தூக்குவாளி, துணி எல்லாம் மூட்டை கட்டி வாசப்படியில நிக்கறா. கலியபெருமாள் பஸ்ஸைப் பார்க்கறார், என்னைப் பார்க்கறார். நான் அஞ்சலை கையில இருந்த கடைசித் துண்டுல எண்ணெய் தடவி ஊறவெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.

"நர்சம்மா, பஸ்ஸு வந்துடுச்சுங்க."

"வரட்டும்."

கண்டக்டர் விசில் கொடுக்கறார். நான் ஓரம் ஓரமா உரிக்கறேன். டிரைவர் ஹாரன் அடிக்கறார். நான் ஊதறேன். அஞ்சலைக்கே பொறுக்கலை.

"அக்கா, ஒரே இழு இழுத்துடுக்கா! பஸ்ஸு பூடும்!"

"வலிக்கும்டி."

"வலிக்காதுக்கா, இழுக்கா!"

நான் இழுக்கலை. பஸ் போயிடுச்சு. கலியபெருமாள் தலையில கை வெச்சுக்கிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு மெயின் ரோடு ஸ்டாப்புக்குத்தான் போகணும், வெயில் வேற கொளுத்துது. நான் கடைசி நூலையும் எடுத்து, எண்ணெயைத் துடைச்சு, தோலைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. "சரி, போயிட்டு வா"ன்னேன்.

அவர் தூக்கறதுக்குக் குனிஞ்சார். அவ அவர் தோளைத் தள்ளிவிட்டா. "நீ மூட்டைய தூக்கு. நான் நடந்து வர்றேன்"னா. தனத்தோட கறுத்த விரல் ஒண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு ஒரு படியா இறங்கி, கொஞ்சம் சாய்ஞ்சு சாய்ஞ்சு, மர நிழல் விட்டு மர நிழலா, ஸ்டாப் வரைக்கும் நடந்தே போனா.